ஃபிளைட் 5 மணி நேரம் லேட்: சாப்பாட்டு கூப்பனோடு கணக்கு முடிந்துவிடுமா?

இரவு 8.40-க்கு சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிளம்ப வேண்டிய விமானம். 7 மணிக்கு போனில் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது: புதிய நேரம் 9.25. 9 மணிக்கு இன்னொன்று: 10.10. அதன் பிறகு எஸ்எம்எஸ்கூட வரவில்லை, கேட் அருகே இருக்கும் திரையில் மட்டும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. கவுன்ட்டரில் கேட்டால் ஒரே பதில்தான், "ஆபரேஷனல் ரீசன்ஸ் சார்". கடைசியில் விமானம் கிளம்பும்போது மணி 1.45.

மறுநாள் காலை 9 மணிக்கு டெல்லியில் இன்டர்வியூ இருப்பவருக்கு இந்த 5 மணி நேரம் சாதாரண விஷயம் இல்லை. தூக்கம் போச்சு, புக் செய்த ஹோட்டல் அறைக்கான காசு போச்சு. இதற்கு விமான நிறுவனம் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும்?

இன்றைய இந்திய விதிப்படி ஒரு ரூபாய்கூட இல்லை. சாப்பாடு மட்டும் உண்டு.

இந்தப் பயணி கற்பனைதான், ஆனால் அவருக்குப் பொருந்தும் விதிகள் நிஜம். அதை விரிவாகப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது புரியும்.

லேட் ஆனால் என்ன கிடைக்கும்?

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2010 ஆகஸ்ட்டில் ஒரு விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. பயணியை ஏற்ற மறுத்தால், விமானம் ரத்தானால், தாமதமானால் நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அதுதான். பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் பண இழப்பீடு இருக்கிறது. மூன்றாவதான தாமதத்துக்கு இல்லை. அதிகம் பேர் மாட்டுவது என்னவோ மூன்றாவதில்தான்.

தாமதத்துக்குக் கிடைப்பது 'வசதி'. அதாவது காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற உணவும் சிற்றுண்டியும். அதுவும் பயண நேரத்தைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்திலிருந்து, இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணம் என்றால் 3 மணி நேரத் தாமதத்திலிருந்து, அதற்கும் நீண்ட பயணம் என்றால் 4 மணி நேரத்திலிருந்து. பயணி சரியான நேரத்துக்கு செக்-இன் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சென்னை - மும்பை பயணி 2 மணி நேரத்தில் சாப்பாடு கேட்கலாம். சென்னை - டெல்லி பயணி இன்னும் ஒரு மணி நேரம் பசியோடு இருக்க வேண்டும். நீண்ட தூரம் போகிறவருக்கு பசி லேட்டாக எடுக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைப் பயணி தேர்ந்தெடுக்கலாம். நேர மாற்றத்தையும் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத்தைத் தாண்டினாலே ஹோட்டல், போக வர வண்டியும் சேர்த்து.

இப்போது நம்ம டெல்லி பயணிக்குத் திரும்புவோம். 8.40 விமானம் 1.45-க்குக் கிளம்பியது. தாமதம் 5 மணி 5 நிமிடம். 55 நிமிட வித்தியாசத்தில் ஹோட்டலும் இல்லை, முழுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் இல்லை.

அந்த எஸ்எம்எஸ்களின் வரிசையையும் கவனிக்க வேண்டும். 45 நிமிடம், பிறகு இன்னொரு 45 நிமிடம். 5 மணி நேரம் ஆகும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் பயணி வீட்டிலேயே இருந்திருப்பார், இல்லை வேறு விமானம் பார்த்திருப்பார். தவணை முறையில் தாமதத்தைச் சொல்லும்போது அவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. வேண்டுமென்றே செய்கிறார்களா, நிஜமாகவே அவர்களுக்கும் தெரியவில்லையா என்பதை வெளியிலிருந்து நிரூபிப்பது கஷ்டம். ஆனால் தாமதத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், சரியான நேரத்தை முன்கூட்டியே கணிப்பதில் நிறுவனங்களுக்கு அக்கறை தானாக வந்துவிடும்.

ரத்தானால் காசு, ஆனால்...

ரத்துக்கான விதி கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்து என்று சொல்லிவிட்டால் மாற்று விமானமோ, முழுப் பணமோ தந்தால் போதும். அதற்குப் பிறகு, கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை சொன்னால், பழைய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் அல்லது பணம் தர வேண்டும். இதைக்கூடச் செய்யாமல் கடைசி நேரத்தில் கைவிரித்தால்தான் இழப்பீடு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், 2 மணி நேரம் வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். டிக்கெட் பணம் திரும்ப வருவதோ மாற்று விமானமோ இதற்குத் தனி.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 'இந்தத் தொகை அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இவற்றில் எது குறைவோ அது' என்கிறது விதி. டிக்கெட்டுக்கு 4,800 ரூபாய் கட்டியிருந்தாலும் வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் போக அடிப்படைக் கட்டணம் 3,500 ரூபாய்தான் என்றால், கிடைப்பது 3,500 ரூபாய்தான். மூன்று மாதம் முன்பே திட்டமிட்டு மலிவாக டிக்கெட் எடுத்தவருக்குக் குறைவான இழப்பீடு. ஆனால் ரத்தான அன்றைக்கு அவர் வேறு நிறுவனத்தில் டிக்கெட் எடுக்கப் போனால், அன்றைய விலையைத்தானே கொடுக்க வேண்டும்?

டிக்கெட் எடுக்கும்போது சரியான போன் நம்பரோ இமெயிலோ கொடுக்காவிட்டால் இந்த இழப்பீடும் கிடையாது. ஏஜென்ட் தன்னுடைய நம்பரைப் போட்டு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது நம் ஊரில் சகஜம். அதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஓவர்புக்கிங். இருக்கும் சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, செக்-இன் செய்த பயணியிடம் இடமில்லை என்று சொல்வது. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தால் அடிப்படை மற்றும் எரிபொருள் கட்டணத்தின் இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேலானால், அல்லது பயணி மாற்று விமானமே வேண்டாம் என்றால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். இந்திய விதிகளில் உருப்படியாக வலிக்கக்கூடிய ஒரே தொகை இதுதான்.

'எங்கள் கையில் இல்லை'

இயற்கைச் சீற்றம், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், மோசமான வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற நிறுவனத்தின் கையை மீறிய காரணங்கள் என்றால் இழப்பீடு கிடையாது. இது நியாயம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றபோது எந்த நிறுவனத்தைக் குறை சொல்ல முடியும்? போகி அன்று காலை புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தடுமாறுவதும் அப்படித்தான். (டயர் எரிப்பவர்களிடம் வேண்டுமானால் இழப்பீடு கேட்கலாம்.)

ஆனால் வானிலையைக் காரணம் காட்டி சோறு தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. 2007 டிசம்பரில் டெல்லி பனிமூட்டத்தால் பல மணி நேரம் தாமதமான ஹைதராபாத் விமானம் பற்றிய வழக்கு அது. ஹைதராபாத் நிரந்தர லோக் அதாலத் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது, இண்டிகோ மேல்முறையீடு செய்தது. பனிமூட்டத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று சொல்லி இழப்பீட்டை நீதிமன்றம் ரத்து செய்தது. அதே தீர்ப்பில், தாமதத்துக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் பயணிகளுக்கு உணவு, தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டியது நிறுவனத்தின் கடமை என்றும் சொன்னது. ஆகவே, 'வெதர் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது' என்பது பாதி உண்மை. இழப்பீடு தர வேண்டாம், சாப்பாடு தர வேண்டும்.

சரி, 'ஆபரேஷனல் ரீசன்ஸ்' என்பது இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. விமானி இல்லை, முந்தைய டிரிப்பில் போன விமானம் இன்னும் வந்து சேரவில்லை, பராமரிப்பு முடியவில்லை என எல்லாவற்றையும் மூடி வைக்கும் போர்வை அது. காரணத்தைத் திட்டவட்டமாக எழுத்தில் தர வேண்டும் என்று டிஜிசிஏ கட்டாயமாக்கினாலே பாதிப் பிரச்னை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அபராதம் யாருக்குப் போகிறது?

2025 டிசம்பர் தொடக்கத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளின் பணி நேரம், ஓய்வு தொடர்பான புதிய விதிகள் நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தன. அதற்குத் தேவையான அளவு இண்டிகோ தயாராகவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின, டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். புயல் இல்லை, பனி இல்லை. எப்போது வரப்போகிறது என்று முன்பே தெரிந்த விதி. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை எகிறியதால், அரசே தலையிட்டு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள பயண வவுச்சர் தருவதாக இண்டிகோ பின்னர் அறிவித்தது. தவிக்க விட்ட அதே நிறுவனத்தில் மறுபடி பறப்பதற்கான சீட்டு!

2026 ஜனவரியில் டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முன்பு, 2024 ஜனவரியில் கோவாவிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டிய விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, பயணிகள் விமானங்கள் நிற்கும் தளத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடியோ வைரலானது. அதற்கும் இண்டிகோவுக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம். உரிய இழப்பீடு தராமல் பயணிகளை ஏற்ற மறுத்ததற்காக ஏர் இந்தியாவுக்கு 2022-ல் 10 லட்சம் ரூபாய்.

இந்தப் பணமெல்லாம் அரசின் கஜானாவுக்குத்தான் போகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு அதில் ஒரு பைசாகூட வராது. அபராதம் தேவைதான், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வீடியோ வைரலானால்தான் அபராதம் வருகிறது. தினமும் சத்தமில்லாமல் நடக்கும் 3 மணி நேர, 5 மணி நேரத் தாமதங்களை யார் கணக்குப் பார்ப்பது? பயணிக்கு நேரடியாகக் காசு போகும் முறை இருந்தால், ஒவ்வொரு பயணியும் ஒரு கண்காணிப்பாளர் ஆகிவிடுவார்.

ஐரோப்பாவில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ம் எண் ஒழுங்குமுறை 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அதன் வாசகத்திலும் தாமதத்துக்குப் பண இழப்பீடு நேரடியாகச் சொல்லப்படவில்லை. 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம்தான், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரும் விமானம் ரத்தானவரைப் போலவே நேரத்தை இழந்தவர்தானே என்று கேட்டு, இருவருக்கும் ஒரே இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. சாதாரண தொழில்நுட்பக் கோளாறை 'அசாதாரண சூழ்நிலை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் அதே நீதிமன்றம் 2008-ல் சொன்னதுதான்.

இது சென்னைக்காரர்களுக்கும் நேரடியாகப் பொருந்தும் விஷயம். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டு விமானத்துக்கும் இந்த விதி உண்டு. ஒன்றியத்துக்குள் வரும் விமானம் என்றால், நிறுவனம் ஐரோப்பாவுடையதாக இருக்க வேண்டும். ஆக, சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் போகும் ஐடி ஊழியர், தன் விமானம் நிறுவனத்தின் தவறால் 4 மணி நேரம் தாமதமானால் 600 யூரோ கேட்கலாம். பிரிட்டன், ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் இதே முறையைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. சென்னை - லண்டன் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 520 பவுண்டு. இந்தியக் குடிமகனா, ஐரோப்பியக் குடிமகனா என்று கேள்வி இல்லை. இது தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அதே பயணி டெல்லிக்குப் போக வேண்டிய விமானம் 5 மணி நேரம் தாமதமானால் ஒரு சாப்பாடு. லண்டனுக்குப் போக வேண்டிய விமானம் 5 மணி நேரம் தாமதமானால் 520 பவுண்டு. ஒரே ஊர், ஒரே ஓடுபாதை.

விமான நிறுவனங்கள் சொல்லும் பதில் தெரிந்ததே. லாபம் குறைவு, இழப்பீடு வந்தால் டிக்கெட் விலை ஏறும் என்பார்கள். ஐரோப்பாவில் 40 யூரோ டிக்கெட்டுக்கு 250 யூரோ இழப்பீடா என்ற புலம்பலும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் ரத்துக்கான இழப்பீடு ஏற்கெனவே கட்டணத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதே கணக்கைத் தாமதத்துக்கும் நீட்டினால் எந்த நிறுவனமும் திவாலாகாது.

இன்னொரு வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. காசு கொடுக்க வேண்டுமே என்ற பயத்தில், கோளாறு உள்ள விமானத்தை அவசரமாகக் கிளப்பிவிட்டால்? இதற்கு கனடா ஒரு வழி வைத்திருக்கிறது. 2019-ல் வந்த அந்த நாட்டு விதிகள் காரணங்களை மூன்றாகப் பிரிக்கின்றன: நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது, கட்டுப்பாட்டில் இருந்தாலும் பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியது, கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளது. முதல் வகைக்கு மட்டும் பணம். பெரிய நிறுவனம் என்றால் 3 மணி நேரத் தாமதத்துக்கு 400 கனடா டாலரில் தொடங்கி, 9 மணி நேரத்தைத் தாண்டினால் 1,000 டாலர் வரை. 'பாதுகாப்பு' என்ற இரண்டாவது வகைக்குள் நிறுவனங்கள் ஒளிந்துகொள்வதாக அங்கேயும் புகார் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்கும் இந்தியாவுக்கு இது ஒத்துவரக்கூடிய மாதிரி.

அமெரிக்காவில் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பைடன் அரசு 2024 டிசம்பரில் தொடங்கிய முயற்சியை டிரம்ப் அரசு கைவிட்டுவிட்டது. இந்தியாவிலும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2018 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட பயணிகள் சாசன வரைவில், தாமதத்தால் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு 20,000 ரூபாய் வரை இழப்பீடு என்ற யோசனை இருந்தது. வரைவில் இருந்தது வரைவோடு நின்றது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

டிஜிசிஏ விதியில் இல்லை என்பதாலேயே எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. 'சேவைக் குறைபாடு' என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு ரயில் வழக்கில் சொன்னது இங்கே உதவும். அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸ் சுமார் 4 மணி நேரம் தாமதமாக ஜம்மு சேர்ந்ததால், அங்கிருந்து ஸ்ரீநகர் போகும் விமானத்தை ஒரு குடும்பம் தவறவிட்டது. டாக்ஸியில் போக 15,000 ரூபாய் செலவானது. தாமதத்துக்கான காரணத்தையும், அது தன் கையை மீறியது என்பதையும் ரயில்வே நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். நிரூபிக்கும் பொறுப்பு பயணியின் தலையில் இல்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். இதே வாதத்தை விமானப் பயணியும் வைக்கலாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பயணி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தால் இருக்கட்டும், திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம்.

அதற்கு முன்பு செய்ய வேண்டியவை விமான நிலையத்திலேயே தொடங்குகின்றன. வந்த எஸ்எம்எஸ் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, திரையில் தெரியும் நேரத்தை போட்டோ எடுப்பது, போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் இருப்பது, சாப்பாடு, டாக்ஸி, ஹோட்டல் பில்களைச் சேர்ப்பது. தாமதத்துக்கான சான்றிதழை நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது முக்கியம். ரத்து என்றால் ரீஃபண்டை 'கிரெடிட் ஷெல்'லில் போட்டுவிட்டோம் என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. அப்படி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம், நிறுவனத்தின் முடிவு அல்ல என்று டிஜிசிஏ விதியே சொல்கிறது.

பிறகு நிறுவனத்துக்கு இமெயில். நடந்தது என்ன, கேட்பது எவ்வளவு என்று தெளிவாக எழுத வேண்டும். 'மன உளைச்சல்' என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட 2,300 ரூபாய் டாக்ஸி பில் அதிகம் பேசும். பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் நோடல் அதிகாரி, அதற்கு மேல் அப்பீல் அதிகாரி. இவர்கள் விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், என்ன, கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். கூடவே மத்திய அரசின் 'ஏர்சேவா' செயலியில் ஒரு புகார், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன். நுகர்வோர் ஆணையத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து 3,000 ரூபாய்தானா என்று தோன்றும். அதனால்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், நிறுவனங்களுக்கும் அது தெரியும். ஆனால் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, அவசரப்பட வேண்டியதில்லை. 2025 டிசம்பரில் விமான நிலையத் தரையில் படுத்துத் தூங்கியவர்கள் 2027 டிசம்பர் வரை மனு போடலாம்.